தியானம் செய்தால் மதிப்பெண் கூடுமா?

"இரண்டே வாரம் தியானம் பழகினால் போதும், தேர்வில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும், அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்ற செய்தி எப்போதாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். மாணவர்களுக்காக எழுதப்படும் கைந்நூல்களிலும் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களிலும் இது பல வேடங்களில் வருகிறது. செய்தி முழுப் பொய்யன்று. அதற்குப் பின்னால் உண்மையான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. நல்ல ஏட்டில் வெளிவந்த, ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சிதான். ஆனால் அந்த ஆராய்ச்சி சொன்னதற்கும் செய்தி சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. அதைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

முதலில் உங்கள் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூலை விரித்துப் படிக்கிறீர்கள். கண் வரிவரியாக நகர்கிறது. கை பக்கத்தைப் புரட்டுகிறது. திடீரென்று விழித்துக்கொள்கிறீர்கள். கடந்த இரண்டு பக்கங்களில் என்ன இருந்தது என்று ஒரு சொல்கூட நினைவில்லை! கண் படித்துக்கொண்டிருந்தது, மனம் வேறெங்கோ போயிருந்தது. இது உங்களுக்கு மட்டும் உள்ள குறையன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்னும் இருவர் 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், அன்றாட வேலைகளுக்கு நடுவே, முன்னறிவிப்பு இல்லாமல் கைப்பேசி வழியாக ஒரு கேள்வி கேட்கப்பட்டது: "இந்தக் கணத்தில் நீங்கள் செய்கிற வேலையில் மனம் இருக்கிறதா, வேறெதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?" கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம், மனம் வேலையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதியை நாம் இப்படித்தான் கழிக்கிறோம் போலும்.

அப்படியானால், மனம் அலைவதைக் குறைக்க ஒரு பயிற்சி இருந்தால் படிப்பது நன்றாகத் தங்கும் அல்லவா? தங்கினால் மதிப்பெண்ணும் கூடும் அல்லவா? நியாயமான ஊகம்தான். இந்த ஊகத்தின் மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று வழங்கும் இப்பயிற்சியை மனவிழிப்புப் பயிற்சி என்று இங்கே குறிப்போம். இதன் வேர் பௌத்தத்தில் உள்ளது. பாலி மொழியில் இதற்கு 'சதி' என்று பெயர். (தமிழில் அச்சொல்லுக்கு உள்ள பொருளை நினைத்து அஞ்ச வேண்டாம்!) இலங்கையில் ஆங்கிலேய ஆட்சிப் பணியில் இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் 1881-இல் வெளியிட்ட பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் அதை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர்த்தார். வடமொழியின் 'ஸ்மிருதி'தான் பாலியில் 'சதி' ஆயிற்று, நேர்ப்பொருள் நினைவு. இன்று நினைவாற்றலை வளர்ப்பதற்கென்று இப்பயிற்சி மாணவர்களிடம் விற்கப்படுவதைப் பார்க்கும்போது, சொல் ஒரு சுற்றுச் சுற்றித் தன் வீட்டுக்கே திரும்பியது போலத் தோன்றுகிறது.

பயிற்சியை மடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கபட்-ஸின். 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாட்பட்ட வலியும் நோயும் உள்ளவர்களுக்காகப் பயிற்சி ஒன்றை அவர் தொடங்கினார். சமயச் சடங்குகள் நீக்கப்பட்டன. முதுகை நிமிர்த்தி அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடும், ஓடியதை அறிந்ததும், தன்மேல் சினம் கொள்ளாமல், மீண்டும் மூச்சுக்கே அழைத்து வர வேண்டும். சாரம் இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். நோக்கம், தீராத வலியோடும் வாழப் பழகுவது; மதிப்பெண் அன்று.

சான்டா பார்பராவில் நடந்தது

மதிப்பெண் பற்றிய செய்திக்கு மூலமான ஆராய்ச்சி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் நடந்தது. மைக்கேல் ம்ராஸெக், ஜோனதன் ஸ்கூலர் முதலியோர் அதை 2013-இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' என்னும் ஏட்டில் வெளியிட்டார்கள். இளநிலை மாணவர்கள் 48 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மனவிழிப்புப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு என்ன தெரியுமா? சத்துணவு பற்றிய பாடம்! இரண்டும் ஒரே அளவு: வாரத்துக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம், இரண்டு வாரம். தியானக் குழு வீட்டிலும் நாள்தோறும் 10 நிமிடம் அமர வேண்டும். உணவுக் குழு தான் உண்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

சத்துணவுப் பாடம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஆராய்ச்சியின் சிறப்பே அங்குதான் இருக்கிறது. ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, மற்றதைச் சும்மா விட்டுவிட்டால், பின்னால் காணும் வேறுபாடு பயிற்சியால் வந்ததா, அல்லது யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உற்சாகத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரு குழுவுக்கும் ஆசிரியர் உண்டு, வகுப்பு உண்டு, வீட்டு வேலை உண்டு என்று ஆக்கிவிட்டால் அந்த ஐயம் பெருமளவு நீங்கும். தியான ஆராய்ச்சிகளில் பல இந்த அக்கறையைக் காட்டுவதில்லை.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூன்றை அளந்தார்கள். ஒன்று, முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்விலிருந்து எடுத்த வாசிப்புப் பகுதி. இரண்டு, செயல்நினைவு, அதாவது ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே சில எழுத்துகளை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன். மூன்று, தேர்வு எழுதும்போதே மனம் எத்தனை தடவை அலைந்தது என்பது. உணவுக் குழுவில் முன்னேற்றம் இல்லை. தியானக் குழுவில் மூன்றிலும் முன்னேற்றம். வாசிப்புத் தேர்வில் கிடைத்த உயர்வு, சராசரியாக 16 நூற்றுமானப் புள்ளிகளுக்கு ஒப்பானது என்று எழுதினார்கள். தொடக்கத்திலேயே மனம் அதிகம் அலைந்தவர்களிடம், அலைச்சல் குறைந்ததுதான் முன்னேற்றத்துக்கு வழியாக இருந்தது என்றும் காட்டினார்கள்.

அழகான ஆராய்ச்சி என்றே நான் சொல்வேன். இனி அதன் எல்லைகளைப் பார்ப்போம்.

அந்த 16 என்ற எண்ணைப் பலர் மதிப்பெண் என்று எண்ணிவிடுகிறார்கள். அது மதிப்பெண் அன்று. வரிசையில் உள்ள இடம். நூறு பேரை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தினால், கீழிருந்து 50-ஆம் இடத்தில் நின்றவர் 66-ஆம் இடத்துக்கு வந்தார் என்பது பொருள். வரிசையின் நடுவில்தான் கூட்டம் நெரிசலாக இருக்கும். எனவே அங்கே ஒரு சிறு உந்தல் கூடப் பலரைத் தாண்டச் செய்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேர்வில் சராசரி 60, திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் மணிவடிவ வளைகோட்டில் அமைந்திருந்தால், 60 எடுத்த மாணவர் 64 எடுத்தாலே போதும். அவருடைய இடம் 50-லிருந்து 66-க்கு ஏறிவிடும். நான்கு மதிப்பெண்! அது வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் விளம்பரம் மனத்தில் எழுப்பும் படம் வேறு.

அடுத்து, 48 பேர். குழுவுக்கு 24 பேர் என்று கொள்வோம். இருபத்து நான்கு பேர் கொண்ட இரு குழுக்களுக்கு எந்தப் பயிற்சியும் தராமல் ஒரு தேர்வு வைத்தால், இரண்டின் சராசரிகளும் ஒன்றாகவா இருக்கும்? இராது. தற்செயலாகவே, மூன்றுக்கு ஒரு தடவை, திட்ட விலக்கத்தில் 0.3 பங்குக்கு மேல் அவை விலகி நிற்கும். மேற்சொன்ன தேர்வில் அது ஏறத்தாழ 3 மதிப்பெண். நாம் தேடுகிற விளைவோ 4! ஒவ்வொரு மாணவரையும் முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதால் இந்தத் தடுமாற்றம் குறையும். சான்டா பார்பராவில் அப்படித்தான் செய்தார்கள். ஆயினும் இவ்வளவு சிறு கூட்டத்தில் கிடைத்த ஓர் எண்ணை உலகத்து மாணவர் எல்லோருக்கும் உரியதாக எடுத்துக்கொள்வது துணிச்சல். ஒரு கைப்பிடி நெல்லைப் பார்த்துக் களஞ்சியத்தின் எடையைச் சொல்வது போன்றது அது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே எழுதப்பட்டது எந்தத் தேர்வு என்பதே. முன்பின் அறியாத ஒரு பத்தியை உட்கார்ந்து படித்து, அங்கேயே விடை சொல்லும் தேர்வு அது. அதுவும் பயிற்சி முடிந்த கையோடு எழுதியது. சில நிமிடம் மனத்தை ஒருமுகப்படுத்த முடிந்தவர் அதில் முன்னேறுவது இயல்பே. உங்கள் பல்கலைக்கழகத் தேர்வு அப்படிப்பட்டதா? ஆறு மாதம் நடந்த வெப்பவியலையோ கரிம வேதியியலையோ நீங்கள் மனத்தில் தேக்கி வைத்திருக்க வேண்டும். வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். செய்முறைக் குறிப்பேடு முடித்திருக்க வேண்டும். கற்பித்தவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். 'படிப்பில் முன்னேற்றம்' என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்துவிட்டதால் அவை ஒன்றாகிவிடா.

கேம்பிரிட்ஜில் நடந்தது

பெரிய கூட்டத்தில், உண்மையான பல்கலைக்கழகத் தேர்வை வைத்துப் பார்த்தால் என்ன? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார்கள். ஹூலியெட்டா கலான்டே முதலியோர் நடத்திய அந்த ஆராய்ச்சி 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' ஏட்டில் வெளிவந்தது. 2015 செப்டம்பர் முதல் 2016 ஜனவரி வரை 616 மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். சமவாய்ப்பு முறையில் 309 பேருக்கு எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி; மற்ற 307 பேருக்குப் பல்கலைக்கழகம் வழக்கமாகத் தரும் மனநல உதவி மட்டும். பிறகு ஆண்டுத் தேர்வுக் காலத்தில், மனத் துயரத்தை அளக்கும் வினாத்தாளை இரு குழுவுக்கும் கொடுத்தார்கள்.

உதவி தேவைப்படும் எல்லைக்கு மேல் துயரம் இருந்தவர்கள், வழக்கமான உதவி பெற்ற குழுவில் 57 சதவீதம். பயிற்சி பெற்ற குழுவில் 37 சதவீதம். இது சிறிய வேறுபாடன்று. தேர்வு மாதத்தில் நூற்றுக்கு இருபது பேர் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள் என்றால், அதுவே ஒரு பயன். இந்த எண்களிலும் சில ஓட்டைகள் உண்டு. இங்கே சத்துணவு வகுப்பு போன்ற மாற்று ஏற்பாடு இல்லை. துயரத்தைச் சொன்னவர்களும் மாணவர்களே, தாம் எந்தக் குழு என்று அறிந்தே சொன்னார்கள். தேர்வுக் காலத்து வினாத்தாளை நிரப்பித் தந்தவர்கள் நான்கில் மூன்று பங்கினர்தான். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது என்றே நினைக்கிறேன்.

மதிப்பெண்? அதையும் பார்த்தார்கள். திட்டமாக எதையும் சொல்ல முடியவில்லை என்பதே முடிவு. சான்டா பார்பராவைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்ட மாணவர்கள், நான்கு மடங்கு நீண்ட பயிற்சிக் காலம், உண்மையான தேர்வு. அங்கே அந்த 16 எங்கும் தென்படவில்லை.

இவ்விரண்டு ஆராய்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நமக்குக் கிடைப்பது முரண்பாடு அன்று. பயிற்சி மனத்தை அடுத்த சில நிமிடங்களுக்குக் கூர்மையாக்கக்கூடும். தேர்வுக் காலத் துயரத்தைத் தணிக்கக்கூடும். ஓராண்டுப் படிப்பின் விளைவை மாற்றுகிறது என்பதற்கு மட்டும் சான்று இல்லை. ஆனால் இதில் எந்தப் பகுதி செய்தியாகிறது? கடைசிப் பகுதிதான், அதுவும் தலைகீழாக.

இதற்குச் செய்தியாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆராய்ச்சி ஏடுகளிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. 2016-இல் ஸ்டெபனி கொரொனாடோ-மொன்டோயா முதலியோர், மனவிழிப்புச் சிகிச்சை பற்றி வெளிவந்த 124 சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 109 'பலன் உண்டு' என்று முடிந்திருந்தன. சோதனைகளின் அளவையும் விளைவின் அளவையும் கொண்டு கணக்கிட்டால் 66 அளவில்தான் அப்படி முடிந்திருக்க வேண்டும். மிச்சம் எங்கிருந்து வந்தது? முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்டிருந்த 21 சோதனைகளைத் தேடியபோது, முடிந்து முப்பது மாதம் ஆகியும் 13 வெளிவரவே இல்லை என்று தெரிந்தது. பலித்தது மேடைக்கு வருகிறது. பலிக்காதது மேசை அறைக்குள் கிடக்கிறது. சோதிடரின் புகழுக்கும் இதுதானே காரணம்!

பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்து முதலிய பிரிட்டிஷ் பகுதிகளில் 84 பள்ளிகளில் 8,376 மாணவர்களைக் கொண்டு நடந்த 'மிரியட்' சோதனை 2022-இல் வெளிவந்தது. வழக்கமான வகுப்புகளைவிட மனவிழிப்பு வகுப்பு அவர்கள் மனநலத்துக்குக் கூடுதல் பயன் எதுவும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைச் செய்யவேயில்லை. தாமாக விரும்பி வந்த கேம்பிரிட்ஜ் மாணவர் வேறு, காலஅட்டவணையில் போட்டதால் கண்மூடி உட்கார்ந்த பதினொரு வயதுப் பிள்ளை வேறு. கல்லூரிகளில் இதைக் கட்டாயப் பாடமாக்கத் துடிப்பவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எட்டு மணி நேரம்

'செய்தால் என்ன நட்டம்? மூச்சைக் கவனிக்கக் காசா பணமா?' என்று நீங்கள் கேட்கலாம். செலவு நேரத்தில் இருக்கிறது. சான்டா பார்பராப் பயிற்சிக்கு வகுப்பிலும் வீட்டிலுமாக ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். அந்த எட்டு மணி நேரத்தை மாணவர் வேறொன்றில் செலவிட்டிருந்தால்?

இங்கே மற்றோர் ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (இது செயின்ட் லூயிஸ் நகரில் உள்ளது) ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதை நான்கு சுற்றிலும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் முதற் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றுகளிலும் பகுதியைப் பாராமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்தே தீர்த்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து? படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61! இதிலும் ஒரு வேடிக்கை: 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று கூடுதல் நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

இதுவும் ஆய்வுக்கூடத்துச் சோதனைதான். மேலே சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். எனினும் கற்றதை மறைத்து வைத்துவிட்டு நினைவுகூரும் முறை, நாள் விட்டு நாள் பிரித்துப் படிக்கும் முறை ஆகிய இரண்டுக்கும் பல வயதினரிடமும் பல பாடங்களிலும் ஆதரவு கிடைத்திருக்கிறது. ஜான் டன்லோஸ்கி முதலியோர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து, இவ்விரண்டையுமே மிகப் பயனுள்ளவை என்று தேர்ந்தெடுத்தார்கள். வரிகளுக்கு அடியில் கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. தியானத்தை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் விடை. சத்துணவுப் பாடத்தை வென்றுவிட்டது என்பது போதாது. அதே எட்டு மணி நேரம் இப்படிப் படித்துப் பழகியவர்களை அது வெல்ல வேண்டும். இங்கே நாம் பார்த்த இரு ஆராய்ச்சிகளும் அந்தப் போட்டியை வைக்கவில்லை.

இன்னொரு செலவும் உண்டு. அது கணக்கில் ஏறாதது. 'மனத்தை அடக்கினால் மதிப்பெண் வரும்' என்று ஒரு மாணவியிடம் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண் வரவில்லை. அப்போது அவள் என்ன முடிவுக்கு வருவாள்? தன் மனம் அடங்கவில்லை, குற்றம் தன்னுடையது என்றுதான். அவளுக்கு விடுதியில் உறங்க இடம் இருந்ததா, கட்டணத்துக்காக மாலையில் வேலைக்குப் போனாளா, பாதி ஆண்டு ஆசிரியரே இல்லாமல் கழிந்ததா, ஒரே வாரத்தில் ஐந்து தேர்வுகளை அடுக்கி வைத்தவர் யார் என்ற வினாக்கள் எழாமலே போய்விடுகின்றன. நிருவாகத்துக்கு இது மிக வசதியான ஏற்பாடு. ஓர் ஆசிரியரை நியமிப்பதைவிட ஒரு தியான வகுப்பு மலிவு. கபட்-ஸின்னின் நோயாளிகளிடம் 'உங்கள் வலி உங்கள் கவனக் குறைவால் வந்தது' என்று யாரும் சொல்லவில்லை. வலி இருக்கிறது, அதோடு எப்படி வாழ்வது என்றே கற்றுத் தந்தார்கள். மாணவரிடம் வரும்போது பயிற்சியின் பொருள் இப்படித் திரிந்துவிடுகிறது.

தேர்வு நெருங்கும்போது நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கம் வரவில்லை என்றால் இப்பயிற்சியைப் பழகிப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் எண்கள் உங்கள் பக்கம் நிற்கின்றன. துயரம் அதற்கு மேலும் போனால் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மதிப்பெண்ணுக்காக என்றால், நூலை மூடி வைத்துவிட்டு ஒரு வெற்றுத் தாளை எடுத்து, படித்ததை எழுதிப் பாருங்கள்.

விஞ்ஞானத்துக்கோ இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. சில நூறு மாணவர்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதிக்கு மனவிழிப்பு. ஒரு பகுதிக்கு நினைவுகூர்ந்து படிக்கும் பயிற்சி. ஒரு பகுதிக்கு வழக்கமான வகுப்பு மட்டும். எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிப் பதிந்துவிட வேண்டும். முடிவு எப்படியிருப்பினும் வெளியிட வேண்டும். விடைத்தாள் திருத்துபவருக்கு எந்த மாணவர் எந்தப் பகுதி என்பது தெரியக் கூடாது. இதற்கென்று தனித் தேர்வுகூட வைக்க வேண்டியதில்லை. பருவத் தேர்வு மதிப்பெண்கள் எப்படியும் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறத்தானே போகின்றன.